மெலனேசியக் கேடயம் வாங்குவதானால் எதை வாங்குவது? நான்கு மரபுகளின் ஒப்பீடு

பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பவிருக்கும் ஒருவரும், பாலித் தீவுக் கடையொன்றில் ஆளுயரச் செதுக்குப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து அதே நினைவாக இருக்கும் இன்னொருவரும், ஏறக்குறைய ஒரே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு மெலனேசிய மரக்கேடயம்தான் வாங்க முடியும் என்றால், அது இந்தோனேசியாவின் அஸ்மத் மக்களுடையதாக இருக்க வேண்டுமா, பப்புவா நியூ கினியின் மலைநாட்டுடையதாக இருக்க வேண்டுமா, கடற்கரை, தீவுப் பகுதிகளுடையதாக இருக்க வேண்டுமா என்பதே அவர்களுடைய குழப்பம். இரண்டு பேருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள பசிபிக் தீவுகளை மெலனேசியா என்று மொத்தமாகச் சொன்னாலும், மரக்கேடயத்தின் தாயகம் பெரும்பாலும் நியூ கினித் தீவும் அதையடுத்த நியூ பிரிட்டன், ட்ரோப்ரியாண்ட் போன்ற தீவுகளும்தான். சாலமன் தீவுகளின் புகழ்பெற்ற கேடயங்கள் பிரம்புப் பின்னலால் ஆனவை. பழந்தமிழில் அவற்றுக்குப் பொருத்தமான சொல் ‘கிடுகு’ என்பதாக இருக்கும். அவை இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. பப்புவா வளைகுடாப் பகுதியின் ‘கோப்பே’ பலகைகளையும் ஒதுக்கியே வைக்கிறேன். நடுவில் தொப்புளும் மேலே முகமும் செதுக்கப்பட்ட அந்த நீள்வட்டப் பலகைகளைக் கேடயம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆனால் அவை ஆடவர் இல்லத்தில் ஆவிகளுக்காக வைக்கப்பட்டவை, பிடிப்பதற்கு அவற்றில் கைப்பிடியே இருக்காது.

முதலில் அளவுகோல்கள்

முன்பக்கத்தின் அழகைக் கொண்டு கேடயத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். முன்பக்கம் எதிரிக்காகச் செய்யப்பட்டது. பிடித்தவனுடைய கையும் தோளும் வியர்வையும் பட்ட இடம் பின்பக்கம். ஆகவே என்னுடைய முதல் அளவுகோல் கேடயத்தின் முதுகு: கைப்பிடி எப்படி அமைந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, புகையும் அழுக்கும் எந்தெந்த இடங்களில் படிந்திருக்கின்றன என்பவை. இரண்டாவது அளவுகோல் தாள்: யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கினார், அதன் பின் எவர் கைகளில் இருந்தது என்ற தொடர். மூன்றாவது, உயரமும் எடையும். ஏனென்றால் அனுப்பும் செலவையும் சுவரின் அளவையும் அவையே முடிவு செய்கின்றன. நான்காவது, நம் ஊர் ஈரக்காற்றையும் கரையானையும் அந்த மரமும் பூச்சும் தாங்குமா என்பது.

முதுகை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையில் நண்பர் ஒருவர், 1950-களைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட அஸ்மத் கேடயம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருந்தார். கைவிளக்கின் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தபோது வெள்ளைக் கோடுகள் பளபளத்தன. சுண்ணாம்பு அப்படிப் பளபளக்காது. இறக்கித் திருப்பினோம். கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையில் என்னுடைய மூன்று விரல்களே நுழைந்தன, கைப்பிடியின் விளிம்புகள் நேற்றுச் சீவியவைபோலக் கூர்மையாக இருந்தன, பள்ளங்களில் மட்டும் அல்லாமல் முதுகு முழுவதும் ஒரே சீராகப் பழுப்பு நிறம் ஏற்றப்பட்டிருந்தது; முகர்ந்தால் காலணி மெருகின் வாடை. அது பொய்க் கேடயம் என்று சொல்ல மாட்டேன். அண்மையில் ஓர் அஸ்மத் கைவினைஞர் சந்தைக்காகச் செய்த, உண்மையிலேயே திறமையான பலகை அது. பொய் அதன் வயதில் மட்டும் இருந்தது. பணம் முழுவதும் அந்த வயதுக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது.

அஸ்மத்: பழையதா, புதியதா?

இந்தோனேசியாவின் தெற்குப் பப்புவாவில், ஆறுகளும் சதுப்பும் நிறைந்த கரையோரத்தில் வாழும் அஸ்மத் மக்கள் கேடயத்தை ‘யமஸ்’ என்கிறார்கள், செதுக்குபவர் ‘வோவிபிட்ஸ்’. சதுப்பு மரத்தின் பலகை வேரிலிருந்து ஒரே துண்டாக வெட்டி எடுப்பதால், முதுகிலுள்ள கைப்பிடியும் தனியாகப் பொருத்தப்படாமல் அதே மரத்திலிருந்து குடையப்பட்டிருக்கும். ஆளுயரத்துக்கும் சற்று மேலே போகும் கேடயங்கள் பல உண்டு. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு வெள்ளையும், காவி மண்ணின் சிவப்பும், கரியின் கறுப்பும் தவிர வேறு நிறம் மரபில் இல்லை. ஒவ்வொரு கேடயத்துக்கும் இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயர் சூட்டப்படும். அந்த ஆளே முன்னால் நடந்து போவதாகக் கருதிப் பின்னால் நின்று போரிட்டார்கள். பழந்தின்னி வௌவால், இருவாய்ச்சி, கும்பிடு பூச்சி ஆகிய வடிவங்கள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. பழம் தின்னும் உயிர்கள் தலை கொய்வோருக்கு உவமையாயின, ஏனென்றால் மரத்துக்குப் பழம் எப்படியோ மனிதனுக்குத் தலை அப்படி. இணையின் தலையைக் கடித்துத் தின்னும் கும்பிடு பூச்சிக்கு விளக்கமே தேவையில்லை.

பழைய அஸ்மத் கேடயத்தை நாடுபவர் இந்தப் பகுதியின் காலவரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அஸ்மத் பகுதியின் முக்கிய ஊரான அகாட்ஸில் கத்தோலிக்க மிஷன் 1953-இல் அமைந்தது. அதற்கு முன்பு வெளியே போன பொருள்கள் ஒப்பீட்டளவில் குறைவு. டச்சு மானுடவியலாளர் அட்ரியானஸ் கெர்பிராண்ட்ஸ் அமானம்காய் என்ற அஸ்மத் ஊரில் தங்கிச் செதுக்குநர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்தது 1960-61-இல். அமெரிக்கச் செல்வந்தர் குடும்பத்து இளைஞர் மைக்கேல் ராக்கஃபெல்லர் பொருள் சேகரித்ததும், நவம்பரில் அந்தக் கடலோரத்திலேயே காணாமற்போனதும் 1961-இல். அவர் சேகரித்தவை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், 1982-இல் திறக்கப்பட்ட அவர் பெயர் தாங்கிய பகுதியில் உள்ளன. இந்தோனேசிய ஆட்சி வந்தபின் 1960-களின் நடுப்பகுதியில் சடங்கு விருந்துகளும் செதுக்கலும் ஒடுக்கப்பட்டன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐ.நா. உதவியோடு செதுக்கலுக்கு மறுபடி உயிர் வந்தது. ஆகவே, ‘1965-இல் போரில் பயன்பட்டது’ என்று ஒருவர் சொன்னால் அதிகாரியோ பாதிரியாரோ விட்டுச்சென்ற குறிப்பைக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த ஆண்டு விற்பவரின் கற்பனை என்றே வைத்துக்கொள்ளலாம்.

புதிய அஸ்மத் கேடயத்தின் கதை வேறு. அகாட்ஸில் 1973-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1980-களின் தொடக்கம் முதல் அங்கே செதுக்குப் போட்டியும் ஏலமும் நடந்து வந்திருக்கின்றன. இந்த வழியாக வரும் பொருளுக்குச் செதுக்கியவரின் பெயரும் ஊரும் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரும்பு உளி வந்தபின் கோடுகள் ஆழமாகவும் நேர்த்தியாகவும் ஆகிவிட்டன என்று பழமை விரும்பிகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இரும்பு கைக்கு வந்தபின் கல்லையும் எலும்பையும் வைத்துச் செதுக்கு என்று எந்தத் தச்சரிடம் சொல்வோம்?

அஸ்மத் கேடயத்தின் மறைமுகச் செலவு அதன் பூச்சில் இருக்கிறது. மண் நிறங்களும் சுண்ணாம்பும் பிசின் இல்லாமல் பூசப்பட்டவை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் வெள்ளை கரைந்து சிவப்பின் மேல் வழியும். வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஓரங்களில் தொங்கும் சாகோ ஓலைக் குஞ்சங்கள் பூச்சிகளுக்கு நல்ல இரை.

யாருக்கு: உயரமான சுவரும் நேரடி வெயில் படாத அறையும் உள்ளவருக்கு, முதல் முறை வாங்குபவருக்குப் புதியது, சேகரிப்பு வரலாற்றை எழுத்தில் காட்டக்கூடிய விற்பனையாளரை அறிந்தவருக்கு மட்டும் பழையது.

மலைநாட்டு வாகிக் கேடயம்

பப்புவா நியூ கினியின் வாகிப் பள்ளத்தாக்கில் வெளியார் 1933-இல்தான் நுழைந்தார்கள். ஆட்சி வலுப்பட்டதும் குலங்களுக்கு இடையிலான போர் நிறுத்தப்பட்டது, கேடயங்களும் மறைந்தன. 1980-களில் போர்கள் மறுபடி மூண்டபோது கேடயங்களும் திரும்பி வந்தன. ஆனால் வந்த கேடயங்கள் பழையவை அல்ல. சில தகரத்தால் செய்யப்பட்டவை. மரத்தால் செய்யப்பட்டவையும் கடையில் வாங்கிய பெயின்ட்டால் வரையப்பட்டிருந்தன: பீர் விளம்பரம், கால்பந்து அணிகளின் நிறங்கள், பேன்டம் எனும் சித்திரக்கதை நாயகன். தமிழ் வாசகர்கள் மாயாவி என்றும் வேதாளர் என்றும் படித்து வளர்ந்த அதே முகமூடிக்காரர்தான். சாகாத மனிதர் என்ற பெயர் போர்க்களத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மானுடவியலாளர் மைக்கேல் ஓஹான்லன் இவற்றைத் திரட்டி 1993-இல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஒரு கண்காட்சி அமைத்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் தெரிந்த கைபெல் கா என்பவர் தீட்டிய கேடயங்கள் அதில் இடம்பெற்றன. ‘ஆறிலிருந்து ஆறு’ என்று ஒரு கேடயத்தில் எழுதியிருக்கும். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை குடித்துக் கொண்டாடுவதைக் குறிக்கும் அந்தப் பேச்சுவழக்கை எடுத்து, காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை சளைக்காமல் போரிடுவோம் என்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பீர் விளம்பரத்துக்கும் காரணம் சொன்னார்கள்: சண்டைக்கு வித்திட்டதே பீர்தான் என்று.

இந்தக் கேடயங்களின் பயன்பாட்டுக் காலம் மிகக் குறுகியது. 1980-களின் இறுதியில் துப்பாக்கிகள் வரத் தொடங்கியதும் மரப்பலகைக்கு வேலையில்லாமல் போயிற்று. குறுகிய காலம் என்பதாலேயே போரைப் பார்த்தவை குறைவு. ஆனால் பேன்டம் படத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் இருக்கும் மோகத்தால், போரையே பார்க்காத பேன்டம் கேடயங்களும் சந்தையில் கிடைக்கின்றன. இங்கேயும் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஆயுதத்தைப் பிடிக்க இரண்டு கைகளும் தேவை என்பதால் மலைநாட்டுப் பெருங்கேடயம் தோளில் கயிற்றால் தொங்கவிடப்பட்டது. கயிறு நுழையும் துளைகளின் விளிம்பு இழுபட்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். தோள் உராய்ந்த இடம் மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்க வேண்டும். முன்பக்கம் முறிந்து நிற்கும் அம்பு முனைகளை விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அவற்றை நான் கடைசியாகத்தான் நம்புவேன், ஏனென்றால் அம்பு எய்வது எவருக்கும் எளிது. பல மாதம் தோளில் சுமந்து தேய்ப்பது எளிதன்று.

எடைதான் பெரிய சிக்கல். தடித்த பலகை, அடுக்குமாடி வீட்டின் மெல்லிய தடுப்புச் சுவரில் மாட்ட முடியாது, இரும்புத் தாங்கி செய்து தரையில் நிறுத்த வேண்டியிருக்கும். பெயின்ட் என்பதால் நம் ஊர் ஈரத்தை அஸ்மத் பூச்சைவிட நன்றாகத் தாங்கும் என்பது அதன் அனுகூலம்.

யாருக்கு: இருபதாம் நூற்றாண்டின் இறுதியை, அதாவது நம் காலத்தின் வரலாற்றையே ஒரு பொருளில் காண விரும்புபவருக்கு. ‘தூய்மையான பழங்கலை’ தேடுபவருக்கு இது ஒத்துவராது, வாங்கினாலும் உள்ளூர மனம் உறுத்தும்.

அராவே: நியூ பிரிட்டனின் மூன்று பலகைகள்

என்னைக் கேட்டால், போதிய கவனம் பெறாத கேடயம் இதுதான். மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் தென்கரையில், காண்ட்ரியன் என்ற ஊரைச் சுற்றியுள்ள பகுதியில், அராவே மக்கள் மூன்று நீளப் பலகைகளைச் செங்குத்தாக ஒட்டிவைத்துப் பிரம்பால் கட்டிக் கேடயம் செய்தார்கள். (அந்த மாகாணத்தின் பெயரைத் தமிழ்ச் செய்திகளில் படித்திருப்பீர்கள், 2012-இல் அதன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சசீந்திரன் முத்துவேல் தமிழ்நாட்டில் பிறந்தவர்.) சுருள்களும் வளைகோடுகளும் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் அமைந்திருக்கும். மற்ற மரபுகளில் முதுகு வெறும் வேலைத்தளமாக இருக்க, அராவே கேடயத்தில் பின்புறத்திலும் செதுக்கல் இருப்பது வழக்கம். பிடிப்பவன் பார்க்கும் பக்கத்துக்கும் அலங்காரம் செய்த இந்த மரபை, முதுகை நம்பும் நான் விரும்புவதில் வியப்பில்லை.

வாங்குபவருக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. அராவேப் பகுதியில் பொருள் திரட்டியவர்களின் வரிசை தெளிவாகத் தெரியும்: சிகாகோ ஃபீல்ட் மியூசியத்துக்காக ஆல்பர்ட் லூயிஸ் 1909-10-இல், பேசல் நகரின் ஃபெலிக்ஸ் ஸ்பைசர் 1930-இல், ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் மியூசியத்துக்காக பியட்ரிஸ் பிளாக்வுட் 1937-இல். காலம் தெரிந்த இந்தத் தொகுப்புகளின் படங்களை அருகில் வைத்து, விற்பவர் காட்டும் கேடயத்தின் கட்டையும் சுருளையும் ஒப்பிடலாம்.

இடைஞ்சல் பிரம்புக் கட்டில் உள்ளது. குளிர்சாதன அறையின் வறட்சியில் பிரம்பு சுருங்கி நொறுங்கும். ஈரத்தில் பூச்சி ஏறும். கட்டு அறுந்தால் மூன்று பலகையும் மூன்று திசையில் கிடக்கும். புதுப் பிரம்பால் கட்டுவது சரியான பராமரிப்பே என்றாலும், பழைய பிரம்பைத் தூக்கி எறியாமல் எடுத்துவைக்க வேண்டும். இடுப்பளவைவிடச் சற்றே உயரமான, ஒடுக்கமான வடிவம் என்பதால் சாதாரண வீட்டுக்கு மிகப் பொருத்தமான கேடயமும் இதுவே.

ட்ரோப்ரியாண்ட்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டு முழ நீளம்கூட வராத, ட்ரோப்ரியாண்ட் தீவுகளின் இந்த நீள்வட்டக் கேடயங்களில் ஓவியம் தீட்டும் உரிமை மிகத் துணிந்த வீரருக்கு மட்டுமே இருந்ததாகப் பதிவு உண்டு. எதிரிகள் அப்படிப்பட்ட கேடயத்தையே குறிவைத்து ஈட்டி எறிந்தார்கள். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915-இல் அங்கே போனபோதே போர் பழங்கதையாகியிருந்தது. ஆகவே எஞ்சியிருக்கும் ஓவியக் கேடயங்கள் மிகக் குறைவு, பெரும்பாலானவை அருங்காட்சியகங்களில். அந்த ஓவியம் பறக்கும் சூனியக்காரி என்று மானுடவியலாளர் எட்மண்ட் லீச் 1954-இல் எழுதினார். இல்லை, அது புணர்ச்சிக் காட்சி என்று இன்னொரு மானுடவியலாளர் ரொனால்ட் பெர்ண்ட் 1958-இல் மறுத்தார். தனியாருக்கு இதை வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். கையில் பெரும்பணமும், நம்பத்தகுந்த ஏல நிறுவனத்தின் தாள்களும், தனியே ஆராய்ந்து சொல்ல ஒரு வல்லுநரும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

பன்னாட்டுக் கூரியர்கள் உண்மை எடைக்குப் பதிலாகக் கன அளவு எடையைக் கணக்கிடுவது வழக்கம்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். ஓர் அஸ்மத் கேடயத்துக்கு 190 × 70 × 20 அளவில் பெட்டி செய்தால் 53 கிலோவுக்குக் கட்டணம். கேடயமும் பெட்டியும் சேர்ந்து அதில் பாதி எடைகூட இருக்காது. பலர் இந்தக் கட்டத்தில்தான் திகைத்துப் போகிறார்கள். பெட்டிக்கான மரமும் வெப்பத்தாலோ மருந்துப் புகையாலோ பதப்படுத்தி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். கேடயத்துக்கே பூச்சி நீக்கச் சான்றும் தேவைப்படும். முன்பே கேட்டு வாங்கிவையுங்கள்.

அடுத்தது அனுமதி. பப்புவா நியூ கினியில் 1965-ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. போர்ட் மோர்ஸ்பியின் வாய்கானிப் பகுதியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பொருளைக் காட்டி ஏற்றுமதி பற்றிக் கேட்டுவிட வேண்டும். இந்தோனேசியாவில் 2010-ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களின் மேல் கண் வைத்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், விற்பவர் ‘மிகப் பழையது’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளே உங்களைச் சிக்கலில் மாட்டும். உண்மை வயதை எழுதினால் வேலை எளிது. இறகுகள் இருந்தால் அவை எந்தப் பறவையுடையவை என்று பாருங்கள். சொர்க்கப் பறவையின் இறகு பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருவது.

| | முதுகில் பார்ப்பது | வீட்டில் சிக்கல் | நம்பத்தகுந்த தாள் |
|---|---|---|---|
| புதிய அஸ்மத் | கைப்பிடியின் செதுக்கு | கரையும் பூச்சு, உயரம் | செதுக்கியவர் பெயர், ஊர் |
| பழைய அஸ்மத் | கைப்பிடித் தேய்வு, அழுக்கு | மேற்படி | 1950-60-களின் சேகரிப்புக் குறிப்பு |
| வாகி | கயிற்றுத் துளை, தோள் உராய்வு | எடை | குலம், பயன்பட்ட சண்டை, களத்தில் எடுத்த படம் |
| அராவே | பின்புறச் செதுக்கல், கட்டு | பிரம்பு | காலம் தெரிந்த தொகுப்போடு ஒப்பீடு |
| ட்ரோப்ரியாண்ட் | மெருகும் தேய்வும் | விலை | பழைய ஏல, அருங்காட்சியகப் பதிவு |

அந்த இரண்டு பேருக்கு

போர்ட் மோர்ஸ்பியில் இருப்பவர் அராவே கேடயத்தைத் தேடலாம். அனுமதி கேட்க வேண்டிய அருங்காட்சியகம் அவர் இருக்கும் ஊரிலேயே உள்ளது, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டால் கன அளவுக் கணக்கும் உறுத்தாது. பிரம்புக் கட்டு உறுதியாக இருக்கிறதா என்று மூன்று பலகைகளையும் தனித்தனியே அசைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். வாகிக் கேடயத்தின் மேல் ஆசை இருந்தால், களத்தில் எடுத்த ஒரு புகைப்படமாவது இல்லாமல் வாங்க வேண்டாம்.

பாலியில் பார்த்தவருக்கு: அந்தப் பலகை அஸ்மத்துடையதாக இருந்தால், புதியது என்று எடுத்துக்கொண்டே விலை பேசுங்கள். செதுக்கியவரின் பெயர் தெரியாதென்று கடைக்காரர் சொன்னால், அதே பணத்துக்குப் பெயரோடு வரும் கேடயம் ஒன்றுக்குக் காத்திருக்கலாம். பெயர் கிடைத்தால் அதை மரத்தில் எழுதாமல், அட்டையில் எழுதிக் கைப்பிடியில் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். மாட்டும்போது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கித் திருப்பி, அடியில் வெள்ளைத்துணி விரித்து, இரண்டு நாள் கழித்துத் துணியில் மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டியிருந்தால் உள்ளே உளுவண்டு இருக்கிறது.